உண்க, உண்ணார், உண்ணோம்: நலவாழ்வு நூல்களின் வினைமுற்றும் காவிரிப்படுகையின் அன்றாட வழக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

நோய் வராமல் காக்கும் அன்றாட ஒழுக்கத்தைத் தமிழ் நூல்கள் பல காலமாகப் பேசி வந்துள்ளன. அவை என்ன சொல்கின்றன என்பது பலராலும் தொகுக்கப்பட்டுள்ளது. யாரை நோக்கி, எந்த வினைவடிவில் சொல்கின்றன என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரம், ஆசாரக்கோவை, தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி ஆகிய மூன்றன் வினைமுற்றுகளைத் தஞ்சை நெல்வயல் நாட்டின் உழைப்பு, உணவு வழக்கங்களோடு வைத்து இக்கட்டுரை நோக்குகிறது.

திறவுச்சொற்கள்: மருந்து அதிகாரம், ஆசாரக்கோவை, நோயணுகா விதி, வியங்கோள், பழையது, புழுங்கலரிசி, நீரிழிவு

முன்னுரை

உடல்நலம் பற்றிய தமிழாய்வுக் கட்டுரைகளில் ஒரு பொதுப்போக்கு உண்டு. குறளிலிருந்து இரண்டு, சித்தர் பாடலிலிருந்து நான்கு என்று எடுத்துக்காட்டி, முன்னோர் அறிவு இன்றைய மருத்துவத்தை முந்தியது என நிறுவி முடிப்பதே அப்போக்கு. அவ்வாறு நிறுவுவதால் நூலுக்கும் பயனில்லை, நோயாளிக்கும் பயனில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நூல் கூறும் நாளொழுக்கமும் மக்கள் கைக்கொண்ட நாளொழுக்கமும் ஒன்றெனக் கொள்வதற்குச் சான்று வேண்டும். காவிரிப்படுகையை நோக்கினால் அவை இரண்டும் பல இடங்களில் ஒன்றையொன்று மறுத்து நிற்பது புலனாகும். அம்மறுப்பிலேயே ஆராய்வதற்குரிய செய்தி உள்ளது.

வியங்கோளின் இடம்

மருந்து, திருக்குறளின் 95ஆம் அதிகாரம். பொருட்பாலில் கள்ளுண்ணாமை, சூது ஆகியவற்றை அடுத்து அது வைக்கப்பட்டுள்ளது. இல்லறவியலிலோ துறவறவியலிலோ வைக்காமல் இங்கு வைத்ததனால், உடலைப் பேணுதல் அறக்கடன் என்பதைவிடப் பொருள்வாழ்வின் பகுதி என்றே வள்ளுவர் கருதினார் எனலாம். பரிமேலழகரும் பழவினையால் வரும் பிணிகளைத் தனியே ஒதுக்கி, ஏனைக் காரணங்களால் வருவனவற்றுக்கே இவ்வதிகாரம் உரியது என வரையறுக்கிறார். ஊழை முதன்மையாகப் போற்றும் மரபுக்குள் நின்றுகொண்டு, மனிதன் கைக்கு எட்டும் நோய்களுக்கு ஓர் எல்லை வகுத்தது அவருடைய உரைத்திறம்.

பத்துக் குறள்களுள் முதலாவது வளி முதலிய மூன்றன் மிகையும் குறையும் நோய் செய்யும் என்கிறது. இறுதி மூன்றும் மருத்துவனின் செயல்முறையையும் மருத்துவத்தின் உறுப்புகளையும் கூறுகின்றன. இடைப்பட்ட ஆறும் உணவைப் பற்றியன. உறக்கம், குளியல், நடை ஆகியவற்றுக்கு ஒரு குறள்கூட இல்லை. நலவாழ்வு என்பதை வள்ளுவர் முழுக்கவும் செரிமானத்தின் வழியாகவே காண்கிறார்: முன்பு உண்டது அற்றதா, வயிற்றுத்தீயின் அளவு யாது, உண்பன ஒன்றோடொன்று மாறுபடுகின்றனவா?

இவ்வாறனுள் சில நிபந்தனை வடிவில் அமைந்துள்ளன. இவ்வாறு உண்டால் இன்னது விளையும் என்பது அவற்றின் அமைப்பு. வெளிப்படையான ஏவற்பொருள் 'உண்க', 'துய்க்க' என்னும் வியங்கோள் முற்றுகளில் வருகிறது. வியங்கோள் தன்மை, முன்னிலை ஆகிய ஈரிடங்களோடும் நிலைபெறாது என்பது தொல்காப்பியர் விதி. அஃது எல்லா இடத்திலும் பாலிலும் இயலும் என்பது நன்னூலார் விதி. மருந்து அதிகாரத்தைத் தொல்காப்பிய நெறியில் படித்தால், அங்கே யாரும் நேர்முகமாக விளிக்கப்படவில்லை. உண்பவன் எவனோ அவன் உண்க என்பதே பொருள். நன்னூல் நெறியில் படித்தால் நீயும் நானும் அதற்குள் அடங்குவோம். இலக்கணிகளின் இவ்வேறுபாடு நலவாழ்வு நூலைப் படிக்கும் முறையையும் மாற்றுகிறது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. நன்றாகப் பசித்த பின்னரே உண்க என்னும் அறிவுரை, பசியை உண்பவன் காத்திருந்து பெறும் ஒரு நிலையாகக் கொள்கிறது. குதிருக்குள் நெல் உள்ள வீட்டில்தான் பசிக்குக் காத்திருக்க இயலும். நெல் விளைந்த மண்ணில் நெல்லின்றி இருந்த குடிகளுக்குப் பசி, நோன்பாக ஏற்ற நிலையன்று. குறளின் குறையாக இதனைக் கூறவில்லை. அக்குறள் பேசும் உடல் எவ்வகை வீட்டில் வாழ்ந்தது என்பதற்கு இது ஒரு குறிப்பு.

நூறாம் பாடல்

பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று. நூறு பாடல்களால் ஆனது. வடமொழி ஒழுக்கநூல் மரபை அடியொற்றியது. வைகறைத் துயிலெழுதல், நீராடல், உண்ணும் திசை, உண்ணும் வரிசை, உறங்கும் முறை என ஒரு நாளின் பெரும்பகுதியை இந்நூல் வகுத்துவிடுகிறது. விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, குழந்தை ஆகியோர்க்கு ஈந்த பின்னரே உண்ண வேண்டும். இனிப்பை முதலிலும் கசப்பை இறுதியிலும் கொள்ள வேண்டும். நின்றும் கிடந்தும் கட்டிலின்மேல் இருந்தும் உண்ணலாகாது, வெள்ளிடையில், அதாவது திறந்தவெளியில், உண்ணலாகாது, மிகையாக உண்ணலாகாது.

இவ்விலக்குகள் பெரும்பாலும் 'உண்ணார்' போன்ற படர்க்கைப் பலர்பால் எதிர்மறை வினைகளாக அமைந்துள்ளன. நூல் கேட்போனுக்குக் கட்டளை இடவில்லை. மேன்மக்கள் இவ்வாறு செய்யார் என்று ஒரு கூட்டத்தைச் சுட்டிக்காட்டுகிறது. செய்பவன் அக்கூட்டத்துக்கு வெளியே ஆகிறான். நலவிதி இங்கே நாகரிக எல்லையும் ஆகிறது.

தஞ்சை வயல்நாட்டில் நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் சென்றோர் வரப்பில் அமர்ந்து, பல வேளைகளில் நின்றுகொண்டே, திறந்தவெளியில்தான் உண்டனர். கலயத்தைத் தூக்கிக்கொண்டு வயலுக்குச் செல்வதே அவர்தம் உணவுமுறை. ஆசாரக்கோவை விலக்கிய இடத்தில், விலக்கிய நிலையில், நாட்டுக்கு நெல் விளைவித்தவர் உண்டனர். இடம் பற்றிய இவ்விலக்குக்குத் தூய்மைக் காரணம் ஒன்று கற்பிக்கலாம். தூசி, ஈ, பறவை எச்சம் என்று உரைகூறலாம். அவ்வுரை பொருந்துவதாயினும், வரப்பில் உண்டவனுக்கு வேறு இடம் இருந்ததா என்ற வினாவுக்கு அதில் விடையில்லை.

நூலாசிரியர் இதனை அறியாதவர் அல்லர். இறுதிப் பாடலாகிய நூறாம் பாடலில், ஆசாரத்திலிருந்து விடுபட்டவர் என ஒன்பதின்மரைக் குறிக்கிறார். அயல்தேயத்தான், மூத்தான், இளையான், அஞ்சினான், அரசர் தொழிலைத் தலைமேற்கொண்டான் முதலியோர் அவருள் அடங்குவர். ஆதுலனும் உளன். ஆதுலன் என்பதற்கு வறியவன் என்றும் நோயாளி என்றும் பொருளுண்டு. வறியவன் எனக் கொண்டால், வயற்கூலியாள் அவ்விலக்குக்குள் அடங்குவான். நோயாளி எனக் கொண்டால் அடங்கான். அரசன் வேலை செய்பவனுக்கு வெளிப்படையாகத் தந்த விலக்கை நிலக்கிழான் வேலை செய்பவனுக்கு நூல் தரவில்லை. வறியவன் என்னும் பொருளே ஈண்டு ஏற்புடையது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. நோயாளியை மட்டும் குறித்ததாகக் கொண்டால், ஒழுக்கத்துக்கும் வாழ்நிலைக்கும் உள்ள தொடர்பை உணர்ந்து எழுதப்பட்ட இப்பாடலின் நோக்கம் சுருங்கிவிடும். எவ்வாறாயினும், விதி தொகுத்த ஆசிரியர் அவ்விதி எவர்க்குப் பொருந்தாது என்பதையும் தொகுத்துக் கூறி நூலை முடித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

கறியும் சோறும்

பதார்த்த குண சிந்தாமணிப் பதிப்புகளோடு இணைந்து காணப்படும் நோயணுகா விதி, தேரையர் பெயரில் வழங்குவது. இரு வேளையே உண்பது, பகலில் உறங்காமை, உண்டபின் குறுநடை, நீரைக் காய்ச்சியும் மோரை நீர் பெருக்கியும் நெய்யை உருக்கியும் கொள்வது, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க்குளியல், நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி என அதன் விதிகள் எண்ணிக்கையோடு நிற்கின்றன. இவ்வாறு வாழும் நம்மிடம் நமனுக்கு என்ன வேலை என்று வினவிப் பாடல்கள் முடிகின்றன.

இந்நூலின் வினைகள் தன்மைப் பன்மையில் உள்ளன: உண்ணோம், அருந்தோம், அடக்கோம். தலைப்பில் 'விதி' என்றிருப்பினும் உள்ளே ஏவல் இல்லை. ஒரு குழு ஒருங்கே எடுத்துக்கொண்ட உறுதிமொழியின் ஒலி அதில் கேட்கிறது. 'நாம்' என்பதற்குள் கேட்போனையும் சேர்த்துக்கொள்வதால், மூன்று நூல்களுள் படிப்போனுக்கு மிக நெருங்கி வருவது இதுவே. மக்கள் நாவில் இந்நூற்கருத்துகள் பரவலாக வழங்குவதற்கு இவ்வினைவடிவும் ஒரு காரணமாகலாம்.

ஆயினும் அந்த 'நாம்' யார்? காய்ச்சிய நீர் என்னும் ஒரு விதியைக் கொள்வோம். காடுகள் அருகிய சமவெளியில் விறகு அரிது. வைக்கோல் மாட்டுக்குப் போக, வறட்டியும் சுள்ளியும் கொண்டு ஒரு வேளை உலை வைத்த குடும்பம், குடிநீரை நாள்தோறும் காய்ச்சுவது எளிதன்று. வாய்க்கால் நீரும் குளத்து நீரும் காய்ச்சப்படாமலே குடிக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் காலரா இப்பகுதியைப் பலமுறை தாக்கியபோது, இந்த ஒரு விதி எல்லா வீட்டிலும் நடைபெற்றிருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. மலசலங்களாகிய இரண்டையும் அடக்கோம் என்பது மற்றொரு விதி. நாற்று நடும் பெண்கள் ஒதுங்க மறைவின்றி, பொழுது சாயும்வரை அடக்கியிருப்பது இப்பகுதியில் இன்றும் உள்ள துன்பம். தேரையர் கூறிய விதிகளுள் இன்றைய மருத்துவம் சிறிதும் மறுக்காத இவ்விதியே, கைக்கொள்வதற்கு மிக அரியதாக உள்ளது.

இனி இவ்விதிகளுள் தஞ்சை வழக்கத்தோடு நேரடியாக மோதுவதாகத் தோன்றும் ஒன்று. முதல்நாள் சமைத்த கறியை, அஃது அமுதமே ஆயினும், உண்ணோம் என்பது நூலின் கருத்து. காவிரிப்படுகையின் காலை உணவோ முதல்நாள் சோறு.

பழையது எவ்வாறு வழக்கமாயிற்று என்பதை உழைப்பின் நேரத்தோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டும். கூலி நெல்லாக, வேலை முடிந்த மாலையில் அளக்கப்பட்டது. பண்ணையாள் பாதுகாப்புக்கென 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கு இயற்றிய சட்டமும் கூலியை நெல்லளவில் வைத்தே பேசியது. நெல்லைக் குத்திப் புடைத்து உலையேற்றும்போது இரவாகிவிடும். சூடான சோறு இரவுக்கு. எஞ்சியதில் நீரூற்றி வைத்தால் விடியலுக்கு. விடியற்காலை அடுப்பு மூட்ட நேரமும் இல்லை, எரிபொருளும் இல்லை. பழையது, இவ்வகையில், நாள் முழுவதும் பிறருக்குரியதாகிவிட்ட ஒருவரின் நேரக்கணக்கிலிருந்து பிறந்த உணவு. நலம் கருதி எவரோ வகுத்து அளித்த உணவுமுறையாக அதனைக் காட்டும் இக்காலப் புகழுரைகள் வரலாற்றைத் தலைகீழாக்குகின்றன.

எனினும் தேவையில் பிறந்தது நன்மையும் செய்தது. நீரில் ஊறிய சோறு ஓரிரவில் லாக்டிக் அமில நுண்ணுயிரிகளால் இளம்புளிப்பு அடைகிறது. ஆறிய சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரியாத வடிவுக்கு மாறுகிறது. வெயிலில் குனிந்து உழைக்கும் உடலுக்கு உப்பிட்ட நீராகாரம் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்கிறது. இவற்றை உண்டவர் இப்பெயர்களில் அறிந்திலர். வயல் வேலைக்குப் பழையது தாங்கும், இட்டலி தாங்காது என்று மட்டும் அறிந்திருந்தனர்.

அப்படியாயின் தேரையர் விதியோடு இது முரண்படுகிறதா? சொல்லை நோக்க வேண்டும். நூல் விலக்கியது 'கறி'. சோற்றோடு சேர்த்து உண்ணும் தொடுகறியை அது குறிக்கும், சோற்றைக் குறிக்காது. முதல்நாள் சோறு என்றோ அன்னம் என்றோ கூறியிருக்க இடமிருந்தும் நூல் கறி என்றே கூறுகிறது. இச்சொல்லைப் பொதுவாக 'பழைய உணவு' என மொழிந்து, பழையதைத் தேரையர் விலக்கினார் என எழுதுவது பாடத்தை மீறிய உரை. நீரில் இட்டுப் புளித்த சோறும் மூடிவைத்த கறியும் கெடும் முறையில் வேறானவை. புளிப்பு ஏறிய நீர் பல கிருமிகளைத் தடுக்கும். காய், மீன், பருப்புக் கறிகளுக்கு அக்காப்பு இல்லை.

தஞ்சை வீடுகளில் பழையதுக்குத் துணையாவது சுண்டக்குழம்பு. முதல்நாள் குழம்பு அப்படியே வைக்கப்படுவதில்லை; இரவும் காலையும் மீளக் கொதிக்கவைத்து, நீர் வற்றச் சுண்டவைக்கப்படும். விதியின் எழுத்துக்கு இது மாறானது; விதி அஞ்சிய கேட்டுக்கு இது ஒரு மாற்று. நூலைப் படியாத அடுப்படி, நூலின் கருத்தை வேறு வழியில் எட்டியிருக்கிறது. சுண்டக்குழம்பு, பழங்கறி முதலிய வழக்குச்சொற்களை வட்டாரவாரியாகத் தொகுத்து இப்பாடலோடு ஒப்பிட்டால், நோயணுகா விதிக்கு ஒரு புதிய உரைக்குறிப்பு கிடைக்கும்.

பழையதின் இடத்தைக் காப்பி எடுத்துக்கொண்ட வரலாறு தனிக்கதை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' அதனை விரிவாக ஆராய்ந்துள்ளது. கும்பகோணத்தின் பெயர் காப்பியோடு ஒட்டிக்கொண்டதைச் சுட்டி, இங்கே மேற்செல்லலாம்.

புழுங்கல்

எந்த நலநூலும் விதிக்காத ஒரு வழக்கம், ஒருவேளை எல்லா விதிகளையும்விட மிகுதியாக இப்பகுதி மக்களைக் காத்தது. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின் குத்தும் வழக்கம் அது.

தவிட்டில் உள்ள தயமின் என்னும் பி1 வைட்டமின், நெல் அவியும்போது அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவுகிறது. பின்னர் எந்திரத்தில் தீட்டினாலும் ஒரு பகுதி எஞ்சுகிறது. பச்சரிசியைத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். ஆலைகள் பரவிய காலத்தில் பச்சையாகத் தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி வாழ்ந்த ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நோய் நிலைத்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. குன்னூரில் ராபர்ட் மெக்கரிசனும் பின்னர் ஆக்ராய்டும் நடத்திய ஊட்டவியல் ஆய்வுகள் இவ்வேறுபாட்டை விளக்கின. ஜாவாவில் கோழிகளைக் கொண்டு அரிசித் தவிட்டின் காப்பாற்றலைக் கண்ட எய்க்மன் 1929இல் நோபல் பரிசு பெற்றதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி.

தஞ்சையில் இதற்குச் சாதிவழிப்பட்ட ஒரு பக்கமும் உண்டு. அவித்த நெல் ஒருமுறை வெந்ததாகக் கருதப்பட்டதால் கோயில் படையலுக்கும் சடங்குகளுக்கும் ஆகாது, பச்சரிசியே தூய்மையானது. தூய்மையில் உயர்ந்ததாகக் கருதப்பட்ட அரிசி சத்தில் தாழ்ந்தது. பருப்பும் பாலும் காயும் உடன்கொண்ட வீடுகளில் அத்தாழ்வு வெளிப்படவில்லை. சோற்றையன்றி வேறொன்றும் மிகுதியாகப் பெறாத வீடுகளில் புழுங்கல் உயிர்காத்தது. குறளிலோ ஆசாரக்கோவையிலோ இதற்கு ஒரு சொல் இல்லை. நலவாழ்வு மரபை நூல்களிலிருந்து மட்டும் எழுதுவோர் இழப்பது இத்தகைய செய்திகளையே.

முன்னிலை

இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சி 1798-1832) காலத்துத் தன்வந்திரி மகால் மருத்துவ மரபிலிருந்து வந்த சரபேந்திர வைத்திய முறைகள் நோய்வாரியாகச் சரசுவதி மகால் நூலக வெளியீடுகளாக வந்துள்ளன. அவற்றுள் நீரிழிவுக்கெனத் தனித்தொகுதி உள்ளது. அரண்மனை மருத்துவம் தனித்துக் கவனித்த அந்நோய் இன்று வயற்காட்டு ஊர்களின் நோய். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய நீரிழிவு ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு, அதாவது வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது.

படுகையில் நேர்ந்த மாற்றம் எளிதில் கூறக்கூடியது. உழவு எந்திரமும் நடவு எந்திரமும் அறுவடை எந்திரமும் வந்தன; உழைப்பின் அளவு குறைந்தது. 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசி நீங்கியது பெரும்பேறு. அதனைக் குறைகூறும் உரிமை வயிறு நிறைந்த எவருக்கும் இல்லை. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்த உடலுக்கு அளவான சோறு, எட்டு மணி நேரம் அமர்ந்திருக்கும் உடலுக்கு மிகை. வயிற்றுத்தீயின் அளவு என்று வள்ளுவர் கூறியதை உழைப்பின் அளவு என விரித்துக்கொண்டால், சோறு மாறாதிருக்கத் தீ தாழ்ந்த நிலை இது. தட்டில் சோற்றைக் குறைத்துக் காய், பயறு, மீன் ஆகியவற்றைக் கூட்ட வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவற்றின் விலை ரேஷன் அரிசியின் விலையன்று என்பதிலும் ஐயமில்லை.

இன்றைய நலக்கல்வி பேசுவது முன்னிலையில்: உப்பைக் குறையுங்கள், நாள்தோறும் நடையுங்கள், வேளைக்கு உறங்குங்கள். குறளின் வியங்கோளும் ஆசாரக்கோவையின் படர்க்கையும் தேரையரின் தன்மைப் பன்மையும் மறைந்து, தனியொருவரை நோக்கிய ஏவல் எஞ்சியுள்ளது. நோய் தனியொருவரின் வழக்கத்தால் வந்தது, அவரே மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் கருத்து இவ்வினைவடிவிலேயே அடங்கியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்தை வீட்டு வாயிலுக்குக் கொண்டுவருகிறது. அதன் பெயரமைப்பில் இடம் மாறியிருப்பதை இலக்கண மாணவர் உணர்வர்: நோயாளி மருத்துவத்தைத் தேடுவதற்கு மாறாக மருத்துவம் நோயாளியைத் தேடுகிறது. மருந்து சென்ற வழியில் அறிவுரையின் மொழியும் செல்ல வேண்டும்.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. நடவுக் காலத்தில் அதனை இரு காலைப்பொழுதுகளில் முடித்துவிடும் பெண்ணுக்கு நடைப்பயிற்சி அறிவுரை பொருளற்றது. அவருக்குத் தேவை வயலோரம் ஒரு கழிப்பிடமும் குடிநீரும். நடவு முடிந்து வேலையற்ற மாதங்களில் அவருக்கே அதே அறிவுரை பொருந்தும். குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் இடையே உடலின் வேலையும் பசியும் மாறும் நாட்டில், ஆண்டு முழுவதற்கும் ஒரே துண்டறிக்கை போதாது. வேளாண் நாட்காட்டியை ஒட்டி, 'நாம்' என்று பேசும் நலவுரைகளை எழுதுவது தமிழ்த்துறைகளும் மருத்துவத்துறையும் சேர்ந்து செய்யத்தக்க பணி. அவ்வுரைகள் எவரால் இவற்றைக் கைக்கொள்ள இயலாது என்பதையும், அவர்க்கு முதலில் எது செய்துதரப்பட வேண்டும் என்பதையும் கூற வேண்டும். முள்ளியாரின் நூறாம் பாடலுக்கு இணையான அப்பகுதி, ஊர்ச் சுகாதார நிலையங்களில் வழங்கப்படும் துண்டறிக்கைகளில் இன்னும் இடம்பெறவில்லை.